பதினோராவது ஆணி

ஜனவரி 12

அன்புள்ள பூச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், குட்டி, உன் மாமா மூவரும் நலம். உன் உடம்பு எப்படி? விடுதிச் சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் இளைத்திருப்பாய். காற்றடிக்கும் நாளில் வெளியே போகாதே.

குட்டிக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை. குரல் மட்டும் நன்றாக நின்றுவிட்டது. அழ ஆரம்பித்தால் எங்கள் ஆலை வாசலில் கோழி வண்டி வந்து நின்ற மாதிரி இருக்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. உன் மாமா போனில் பேசினால் அவருக்குத் தொந்தரவு. பதிலைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா முகவரிக்கு அனுப்பு. எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குப் பூட்டு சரியில்லை.

நேற்று லாரி பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள். வெட்டுப் பிரிவில் என் பக்கத்தில் நின்று தொடை எலும்பு உருவுகிறவள். பிரேக் இல்லாமல் பேசுவதால் அந்தப் பெயர். அவள் சொன்ன செய்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

இதுவரை எங்கள் ஆலையில் இரவில் அறுப்பு, பகலில் வெட்டு. உன் மாமா விடிய விடியக் கோழிகளைக் கழுத்தறுத்துக் கொக்கியில் தொங்கவிடுவார். அவை குளிர்ந்து கிடக்கும். காலையில் நாங்கள் போய் எலும்பைப் பிரிப்போம். இப்போது புதுக் குளிர் இயந்திரம் வந்திருக்கிறது. அறுத்த கோழி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருவதற்குள் குளிர்ந்துவிடுகிறதாம். அதனால் அடுத்த மாதத்திலிருந்து அறுப்பும் வெட்டும் ஒரே ஷிப்ட்: மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. கடைகளுக்குப் போகிற சில்லறைச் சரக்குக்கு மட்டும் காலை ஷிப்டில் பத்துப் பெண்கள்.

அந்தப் பத்துப் பேரை எடுத்த விதத்தைக் கேள். எங்கள் சூப்பர்வைசருக்கு 'விசில்' என்று பெயர். வாயில் விசில் இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் இல்லை. அவன் எல்லோரையும் கூடத்தில் நிறுத்தி, நடுவில் ஓடும் ரத்த வாய்க்காலைக் காட்டி, "காலை வேணும்கிறவங்க இந்தப் பக்கம், மதியம்னா அந்தப் பக்கம். முதல் பத்து பேருக்குத்தான் இடம். கத்தி மாட்டுற பலகையில காலைக்குப் பத்து ஆணிதான் இருக்கு" என்றானாம். லாரி ஓடிப் போய்க் காலை அகட்டி நின்றுகொண்டு, "இந்தக் கால் எனக்கு, அந்தக் கால் லீவுல இருக்கிறவளுக்கு" என்றாளாம். "உன் உடம்புக்கே ரெண்டு இடம் வேணும், இதுல அவளுக்கு வேறயா?" என்று அவன் சொல்ல, கூடமே சிரித்திருக்கிறது. பிரசவ லீவில் படுத்திருந்த நான் படுத்தபடியே மதியப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

எனக்குக் காலை ஷிப்ட்தான் வேண்டும், பூச்சி. பிள்ளை பெறப் போயிருந்த நேரத்தில் இப்படி மாற்றலாமா என்று நீ வேலை பார்க்கிற வக்கீலம்மாவைக் கேட்டு எழுது. ஏப்ரல் கடைசியில் லீவு முடிகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலமும் மாமா நலமும் குட்டியின் தொண்டை நலமும் அறிய ஆவல். எடை கூடியிருக்கிறது, நம்பு.

ஆபீஸில் என் மேஜை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. யாராவது கதவைத் திறந்தால் நான் மறைந்துவிடுவேன். அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடிக்கும். 'பட்டதாரிப் பொண்ணு, ஆனா வாயில்லாப் பூச்சி' என்று நம் வீட்டில் சொன்னதையே இங்கேயும் கண்டுபிடித்துவிட்டார்கள். போன வாரம் ஒரு சமரசப் பேச்சு நடந்தது. வேலையை இழந்த காவலாளி ஒருவர் திடீரென்று காகிதத்தின்மேல் பாரமாக வைத்திருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து முதலாளியின் வாயில் அடித்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னாலிருந்தே பார்த்தேன். பிறகு தரையைக் கூட்டியதும் நான்தான். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு பல் கிடந்தது. அதைக் குப்பையில் போடுவதா, காகிதத்தில் மடித்து வைப்பதா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

உன் விஷயத்தை வக்கீலம்மாவிடம் கேட்டேன். கேட்க இரண்டு நாள் ஆனது, என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அவர் சொன்னது: லீவுக்குப் போகும்போது இருந்த வேலையும் நிபந்தனைகளும் திரும்பி வரும்போதும் இருக்க வேண்டும். தொழிலுக்காக எல்லோருக்கும் நேரத்தை மாற்றலாம். ஆனால் அங்கே இருப்பவர்களைக் கேட்டால், லீவில் இருப்பவரையும் கேட்டாக வேண்டும். உன்னைக் கேட்கவில்லை. அது நமக்குச் சாதகம். ஆனால், "வேலையும் அதே, சம்பளமும் அதே, நேரம்தானே மாறுது, அதுல என்ன கஷ்டம்னு கேப்பாங்க. காரணம் பலமா இருக்கணும்" என்கிறார்.

காரணம் என்ன எழுதட்டும், அக்கா? எனக்கே ஒன்று புரியவில்லை. கல்யாணமானதிலிருந்து நீயும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். இப்போது ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாமே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பூச்சி

*

பிப்ரவரி 9

அன்புள்ள பூச்சிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்து பல நாள் ஆகியும் பதில் எழுதக் கை ஒழியவில்லை. கையில் சின்ன வீக்கம் வேறு. கதவு இடித்துவிட்டது.

நீ கேட்டதைத்தான் ஆலையிலும் கேட்கிறார்கள். நாங்கள் ஒரே வீட்டில் இருந்த இரண்டு வாடகைக்காரர்கள். அவர் வந்து சாவியைத் திருப்பும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் தூங்கப் போகும்போது அவர் சட்டை போட்டுக்கொண்டிருப்பார். வார விடுமுறை நாள் ஒன்றுதான், அதைத் தள்ளிவிடலாம். 'எம் பொண்ணு வீட்டுல மூணு வருஷமா ஒரு சண்டை கிடையாது' என்று அம்மா கண்ணை மூடும்வரை பெருமை பேசினாள். சண்டைக்கு ஆள் எதிரே இருக்க வேண்டாமா?

இந்த மாதத்திலிருந்து அறுப்புப் பிரிவு புது நேரத்துக்கு மாறிவிட்டது. காலை முழுக்க அவர் வீட்டில்தான். இரவு பத்தரைக்கு மேலும் வீட்டில்தான். நானும் வீட்டில்தான். அம்மா தந்த ரேடியோ இப்போது நிறைய ஓடுகிறது.

காரணம் குட்டி என்று எழுது. இருவரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று எழுது. அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். காலை ஷிப்ட் கிடைத்தால் நான் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். இரண்டு மணிக்கு மேல் வீடு என்னுடையது. எனக்கு அது போதும்.

நீ பல்லை என்ன செய்தாய்?

உன் அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ நலம் என்று எழுதியிருப்பதை நம்ப முடியவில்லை.

'ரேடியோ நிறைய ஓடுகிறது' என்ற வரியில் நின்றுவிட்டேன். அப்பா வாசற்படி ஏறும் சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று போய் ரேடியோவைக் கூட்டி வைப்பாள். நாம் இருவரும் கட்டிலுக்கு அடியில். பாட்டு நடுவே 'ஹக்' என்று அம்மாவுக்கு மூச்சு அடைக்கும். நீ என் காதைப் பொத்திக்கொண்டு பாட்டோடு சேர்ந்து பாடுவாய். 'அந்த வீட்டுல எல்லாருக்கும் பாட்டுன்னா உசிரு' என்று தெருவே சொல்லும்.

அக்கா, கதவு எந்தப் பக்கத்திலிருந்து இடித்தது?

நீ சொன்னபடியே விண்ணப்பம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குட்டியைத் தவிர வேறு காரணம் அதில் இல்லை. வக்கீலம்மா படித்துவிட்டு, "புள்ளைன்னு எழுதினா புள்ளைக்குத்தான் வழி சொல்லுவாங்க. உங்க அக்காவுக்கு வேற ஏதாவது காரணம் இருக்கா?" என்று கேட்டார். உன் விஷயத்தைச் சொல்ல நான் யார் என்று தோன்றியது. இரவல் தைரியம்கூட வரவில்லை.

நீ இதைக் கொடுக்காமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடலாம். விடுதியில் பிள்ளைக்கு இடமில்லை. ஆனால் ஏதாவது செய்யலாம்.

பல் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

உன் பூச்சி

*

மார்ச் 4

அன்புள்ள பூச்சிக்கு,

அனைவரும் நலம்.

நீ எங்கே இருக்கச் சொல்கிறாய்? உன் கட்டிலுக்கு அடியிலா? வேலையை விட்டு வந்தால் நாளைக்குக் குட்டிக்கும் எனக்கும் யார் சோறு போடுவார்கள்? என் கையில் இருப்பது ஒரு தொழில்தான். கத்தி இந்த ஆலையில் இருக்கிறது.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். ஆலை மேலாளர் நல்ல மனிதர். அன்றைக்கே உன் மாமாவை அறுப்புக் கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக, முழங்கை வரை ரத்தத்தோடு அப்படியே வந்தார். தரையெல்லாம் சொட்டியது. விண்ணப்பத்தை மேலாளர் சத்தமாகப் படித்துக் காட்டி, "என்னப்பா, பிள்ளையைப் பாத்துக்க வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

உன் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பக்கத்துத் தெருவுல எங்கம்மா இருக்காங்களே சார். இவளுக்கு மறந்துபோச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து ஒண்ணா போனா எனக்கும் சந்தோஷம்தான்" என்றார்.

"பாரும்மா, இப்படிப்பட்ட புருஷன் யாருக்குக் கிடைப்பான்?" என்றார் மேலாளர். நான் தலையை ஆட்டினேன். விண்ணப்பத்தின் மேல் 'தீர்ந்தது' என்று எழுதிவிட்டார்கள்.

அன்று இரவு அவர் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். "எங்கிட்ட இருந்து தப்பிக்க ஷிப்ட் கேக்குறியா?" என்றார். நான் போய் ரேடியோவைப் போட்டேன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நீயும் கொஞ்ச நாள் எழுதாதே.

உன் அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். வக்கீலம்மா சொன்னதே நடந்தது. நாம் பிள்ளை என்று எழுதினோம், அவர்கள் அந்தப் பிள்ளையைத் தூக்கி மாமியார் மடியில் வைத்துவிட்டார்கள். காரணத்தை மறைத்ததால் மாமா கையாலேயே நம் விண்ணப்பத்துக்குப் பதில் வாங்கிக்கொண்டோம்.

ஒரு வரி போதும். நலம் என்று வேண்டாம். வேறு எதையாவது எழுது.

உன் பூச்சி

*

மார்ச் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன்னைப் பார்த்ததில்லை. உன் கடிதங்களை வாங்கி உன் அக்காவிடம் கொடுக்கிற கீழ்வீட்டுத் தையல்காரி நான். உன் கடைசிக் கடிதம் என் மிஷின் அறையிலேயே கிடக்கிறது. கொடுக்கிற நிலைமையில் இல்லை. உன் அக்கா உயிரோடு இருக்கிறாள், குட்டிக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் படித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மேலே ரேடியோ சத்தமாக ஓடியது. நான்கூட, "கெட்டுப்போன காதுக்காரங்க" என்று திட்டிக்கொண்டே தைத்தேன். மூன்று வருஷமாக நானும் அதைப் பாட்டு என்றே நினைத்திருக்கிறேன். திடீரென்று எதையோ சுவரில் அடித்து உடைத்த சத்தம். பாட்டு நின்றுவிட்டது. அவள் புருஷன் உடைத்தது ரேடியோவை. அதற்குப் பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் கேட்டது.

துணி வெட்டுகிற பெரிய கத்தரியோடு மேலே ஓடினேன். உன் அக்காவின் இடது கையைக் கதவு நிலையில் வைத்து அவன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். ஒரு தரம் இல்லை. அலமாரியை அடைக்கிற மாதிரி, அது மூடவில்லையே என்று திரும்பத் திரும்ப. "மதியம் வருவியா? வருவியா?" என்று கேட்டுக்கொண்டே. அவள் கத்தவில்லை, பாப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டதே என்று வெட்கப்பட்ட மாதிரி பார்த்தாள்.

நான் கத்தரியை விரித்துக்கொண்டு, "கையை எடுக்கிறியா, இல்ல வேற எதையாவது நான் எடுக்கட்டுமா?" என்றேன். எடுத்தான். ஆஸ்பத்திரியில், "படியில வழுக்கிட்டா" என்று அவனே அழுதான். அப்படி ஓர் அழுகை. நர்ஸ் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். உன் அக்காவும் படி என்றே சொன்னாள்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். படித்த பெண் நீ. ஏதாவது செய். செய்யத் தெரியாவிட்டால் வந்து பக்கத்தில் உட்காரவாவது செய்.

தையல்காரம்மா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தையல்காரம்மா எல்லாம் எழுதினார். அவர் மேல் கோபப்படாதே.

அன்றே வக்கீலம்மா அறைக்குள் போனேன். அந்தக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்து முடித்து, "இவ்வளவு நாள் இதை வயித்துக்குள்ளயா வெச்சிருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுத்தாகிவிட்டது. ஏப்ரல் 24 விசாரணை. லீவில் இருந்த உன்னைக் கேட்காமல் மாற்றியது ஒரு குற்றம். மதிய ஷிப்ட் உனக்கு என்ன கேடு செய்கிறது என்பது அடுத்தது. அதை நீதான் சொல்ல வேண்டும், அக்கா. நாங்கள் எழுதலாம், ஆனால் அலுவலர் உன் வாயிலிருந்துதான் கேட்பார். நான் வந்து உன் பக்கத்தில் நிற்பேன்.

போலீஸுக்கும் போகலாம் என்கிறார் வக்கீலம்மா. நீ சரி என்றால்தான்.

கை எப்படி இருக்கிறது? உண்மையாக எழுது.

உன் பூச்சி

*

ஏப்ரல் 12

பூச்சி,

உண்மையாக எழுதச் சொன்னாய். விரல் நுனி இரண்டு மரத்துக்கிடக்கிறது. அது இடது கை. அந்தக் கையில்தான் கம்பிக் கையுறை மாட்டிக் கோழியைப் பிடிப்போம். பிடிக்கிற கை போனால் வெட்டுகிற கைக்கு வேலையில்லை.

ஆலையில் அவர் எனக்கு முன்பே கதை சொல்லிவிட்டார். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மனசு சரியில்லையாம், படியில் விழுகிறேனாம், பாவம் அவர்தான் பொறுத்துப்போகிறாராம். லாரி வந்து சொன்னாள். "நான் நம்பலடி. நீ மூணு வருஷமா ஈரத் தரையில ரப்பர் செருப்போட நின்னவ. ஒரு தடவை வழுக்கினது கிடையாது. வீட்டுப் படியில எப்படி வழுக்கும்?" என்றாள்.

நீ சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சொல்வதும் உனக்குப் புரிய வேண்டும். உண்மையைச் சொல்வது அந்த அறைக்குள்ளே. அடி வெளியே. சொல்லி முடித்த பிறகு நான் எந்த வீட்டுக்கு, யாரோடு போவேன்? வேலை இருந்தால்தான் வீட்டை விட்டு வரலாம். வீட்டை விட்டு வந்தால்தான் சொல்லலாம். சொன்னால்தான் வேலை. இந்த முடிச்சில் எந்த நுனியை முதலில் இழுப்பது?

லாரி வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். ஜன்னல் இல்லை, உள்தாழ்ப்பாள் இருக்கிறதாம். ஒரு பை கட்டித் தையல்காரம்மாவிடம் வைத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. பை கட்டியிருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

குட்டிக்கு முன்பல் தெரிகிறது.

அக்கா

*

ஏப்ரல் 26

மதிப்பிற்குரிய தையல்காரம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் நலமும் உங்கள் கத்தரியின் நலமும் அறிய ஆவல். அக்காவும் குட்டியும் லாரி அக்கா வீட்டில் இருக்கிறார்கள். நடந்ததை அக்கா உங்களுக்கு எழுதச் சொன்னாள். நான் நேற்று விடுதிக்குத் திரும்பினேன்.

தொழிலாளர் அலுவலர் அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் மேலாளரும் விசிலும், பின் நாற்காலியில் மாமாவும். இந்தப் பக்கம் வக்கீலம்மா, அக்கா, நான். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்று என்னைக் கேட்டார். பழக்கத்தில் "ம்" என்றுவிட்டேன்.

மேலாளர் விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். "காரணம் குழந்தைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. குழந்தைக்குப் பாட்டி இருக்காங்க. விஷயம் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு" என்றார். அலுவலர் அக்காவைப் பார்த்தார். கூடமே அவளைப் பார்த்தது. அவள் சொல்லமாட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். 'டங்' என்று ஒரு சத்தம்.

"சார், பிள்ளையைப் பாத்துக்க ஆள் இருக்கு. எங்கிட்ட இருந்து இவரைப் பிரிச்சு வெச்சது அந்த ஷிப்ட் ஒண்ணுதான். அதை எடுத்துட்டாங்க. இது அதுக்கப்புறம் வந்தது" என்றாள். பிறகு கதவு, ரேடியோ, எல்லாவற்றையும் சொன்னாள். கோழியைப் பிரிக்கிற மாதிரி, எந்த எலும்பையும் உடைக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

மேலாளர் வெளுத்துப்போனார். விசில்தான் கடைசியாக, "காலைக்கு இடமில்லை சார், பலகையில பத்து ஆணிதான்" என்றான். அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஆணி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். அவன் யோசித்து, "அஞ்சு நிமிஷம் சார்" என்றான். மற்றவர்களைக் கேட்டுவிட்டு லீவில் இருந்தவரை மட்டும் கேட்காமல் விட்டது செல்லாது, கை ஆறி வரும்போது காலை ஷிப்டிலேயே எடுக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்தது தாழ்வாரத்தில். மாமா வெளியே எங்களுக்காகக் காத்திருந்தார். அக்காவின் முடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினார். இரண்டாவது மோதலில் சுவரில் ரத்தம் தெறித்தது. வக்கீலம்மா கத்தினார். எனக்குக் கத்த வராது, அம்மா. எப்போதும் வந்ததில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கை. கடித்தேன். விரலுக்குக் கீழே, சதைப் பகுதியில். அவர் முடியை விட்டுவிட்டு என் முகத்தில் குத்தினார். நான் விடவில்லை. இன்னொரு தரம் குத்தினார். அப்போதும் விடவில்லை. பியூன் வந்துதான் என் தாடையைப் பிரித்தார்.

அக்காவின் நெற்றியில் ஐந்து தையல். எனக்கு ஒரு பல் போயிற்று. இந்தத் தடவை போலீஸ் வந்து எழுதிக்கொண்டது. தாழ்வாரத்தில் படி இல்லை. "என் ஆபீஸுக்கு வாட்ச்மேன் வேணும்னு தேடிக்கிட்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலயே இருந்திருக்கா" என்றார் வக்கீலம்மா. என் பல்லையும் இழுப்பறையில் அந்தப் பல்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அக்காவின் பையைக் கொடுத்தனுப்பியதற்கு நன்றி.

பணிவுடன்,
பூச்சி

*

ஜூன் 21

அன்புள்ள பூச்சிக்கு,

உன் தாடை வலி விட்டதா? மெல்ல முடிகிறதா? இங்கே நலம் என்று எழுத மாட்டேன். குளிர்க் கூடத்தில் நின்றால் மணிக்கட்டு உள்ளுக்குள்ளே கடிக்கிறது. நெற்றித் தழும்பு சிவப்பாக இருக்கிறது. குட்டி தவழ்கிறாள். தூக்கம் வருகிறது. இவ்வளவுதான் உண்மை.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். விசில் பதினோராவது ஆணியை அடித்திருக்கிறான், கொஞ்சம் கோணலாக. "கண்ணு பட்டுடப் போகுது, கோணலாவே இருக்கட்டும்" என்றாள் லாரி.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அவர் ஜாமீனில் வந்து மதிய ஷிப்டில் வேலை பார்க்கிறார் என்பது உனக்குத் தெரியும். 'குடும்ப விஷயம், நாங்க தலையிட முடியாது' என்று ஆலை கைகழுவிவிட்டது. நாங்கள் முடிக்கிற இரண்டு மணியும் அவர்கள் தொடங்குகிற இரண்டு மணியும் ஒன்றுதான். ஆலையில் ஒரு விதி உண்டு. விசில் ஊதியதும் எல்லோரும் கத்தியைக் கழுவி அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் அடுத்த ஷிப்டுக்குக் கோழி வருகிற பெல்ட் ஓடாது. ஒரு கத்திகூட வெளியே போகக் கூடாது என்பதற்காக வைத்த விதி.

விசில் ஊதினான். குழாயடியில் நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அறுப்புக் கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். வாய்க்காலைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, முறிந்த மணிக்கட்டையே பிடித்தார். பிடித்து முறுக்கினார். "வீட்டுக்கு நடடி" என்றார். கண்ணில் பூச்சி பறந்தது. வலது கையில் கத்தி இருந்தது. அவர் விலா எனக்கு ஒரு முழம் தூரத்தில். இத்தனை வருஷம் விலாவுக்கு நடுவே கத்தி விட்டுப் பழகிய கை, பூச்சி. அது தானாகவே கோணம் பார்த்தது. பார்த்ததை உன்னிடம் மறைக்கவில்லை.

அப்போது குழாய்ச் சத்தம் நின்றது. திரும்பினால் பத்துப் பேரும் எங்களைச் சுற்றி நிற்கிறார்கள். யாரும் கத்தியை மாட்டவில்லை. விசில் மறுபடி ஊதினான். யாரும் அசையவில்லை. பலகையில் பதினொரு ஆணியும் காலி. அந்தப் பக்கம் மதிய ஷிப்ட் முழுவதும் ஏப்ரனோடு காத்து நிற்கிறது, கொக்கியில் கோழிகள் தொங்குகின்றன, பெல்ட் ஓடவில்லை.

லாரி முன்னால் வந்தாள். "தம்பி, இங்க நிக்கிற எல்லாருக்கும் மூட்டு எங்கெங்க இருக்குன்னு தெரியும். கையை எடு" என்றாள். அவர் சிரித்தார். மேலாளர் அறையில் சிரித்த அதே சிரிப்பு. லாரி கத்தியை ஒரே ஒரு தரம் வீசினாள். அவர் ஏப்ரனின் கழுத்துப் பட்டை அறுந்து, ரத்தம் காய்ந்த ரப்பர் ஏப்ரன் முழங்காலில் மடிந்து விழுந்தது. தொண்டைக்குழிக்குக் கீழே நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். என் கையை விட்டுவிட்டார்.

மேலாளரே ஓடி வந்தார். "என்ன இது, வேலை நிக்குதே" என்றார். "குடும்ப விஷயம் சார், நீங்க தலையிடாதீங்க" என்றாள் லாரி. மேலாளர் அவரை வெளியே அனுப்பி, இனி ஆலைக்குள் வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை ஒரு கத்தியும் ஆணிக்குப் போகவில்லை. பதினொரு பேருக்கும் ஒரு நாள் கூலி வெட்டு. கடைசியாக நான்தான் மாட்டினேன், அந்தக் கோணல் ஆணியில்.

அவர் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார். வழக்கு இருக்கிறது. ஆலைக்குப் போகும்போதும் வரும்போதும் நாங்கள் நாலு பேராகத்தான் நடக்கிறோம்.

இன்னொன்று. இங்கே லாரி வீட்டுப் பின்பக்கம் வரிசையாக அறைகள். பக்கத்து அறையில் புதிதாகக் கல்யாணமான இருவர். அந்தப் பெண் பார்த்தால் சிரிப்பாள், நிற்க மாட்டாள். நேற்றுச் சாயங்காலம் அந்தச் சுவருக்குப் பின்னால் திடீரென்று ரேடியோ சத்தம் கூடியது. நல்ல பாட்டுதான். நாம் சேர்ந்து பாடிய பாட்டு. நான் குட்டியை லாரியிடம் கொடுத்துவிட்டு, போய்க் கதவைத் தட்டினேன்.

உன் அக்கா